எழுபத்திரண்டரை ஏக்கரில் ஓர் எண்

293318625600.

இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு லட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு. பட்ஜெட் உரையில் வந்தால் ரூபாய்க் கணக்கென்று காதில் வாங்காமல் விட்டுவிடுவோம். ஸ்ரீனிவாச ராமானுஜன் 1915இல் அச்சிட்ட ஒரு பட்டியலில் இந்த எண் இருந்திருக்க வேண்டும், இல்லை. முன்னால் வரவேண்டியவையும் பின்னால் வரவேண்டியவையும் வரிசையாக நிற்க, இது விடுபட்டுப்போனது. விடுபட்டது என்று கேள்விப்பட்டுத்தான் முதலில் இதைத் தேடிப்போனேன். நாளாக நாளாக அந்தக் காரணம் பின்னுக்குப் போய்விட்டது. ஓர் ஒற்றை எண்ணுக்குள் இவ்வளவு ஒழுங்கு குடியிருக்க முடியுமா என்ற வியப்புத்தான் இப்போது முன்னால் நிற்கிறது.

பெரிய எண்ணை நினைத்துப் பார்க்க எனக்கு ஓர் இடம் வேண்டியிருக்கிறது. வெறும் இலக்கங்களாக அது மனதில் தங்குவதில்லை. வானத்து மீன்களும் கடற்கரை மணலும் எண்ண முடியாததைச் சொல்வதற்கென்றே நம் முன்னோர் வைத்துக்கொண்டவை, கணக்குக்கு உதவா. அளந்து, வரப்புப் போட்டு, பிரித்து வைத்த இடம் வேண்டும். மரக்காணத்து உப்பளம் அப்படிப்பட்ட இடம்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். மரக்காணம் நெருங்கும்போது மரங்கள் குறைந்து, நிலம் கட்டம் கட்டமாக மாறி, வெள்ளைக் குவியல்கள் தெரியத் தொடங்கும். ஆந்திரத்திலிருந்து கடலை ஒட்டியே வரும் பக்கிங்காம் கால்வாய் முடிவது இங்கேதான். கழுவெளியின் தண்ணீர் கடலைச் சேர்வதும் இந்தப் பக்கந்தான். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த ஊரே என்று அறிஞர்கள் பலர் கொள்கிறார்கள். அன்று உமணர்கள் உப்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போய் நெல்லுக்கு மாற்றினார்கள். இன்று லாரி போகிறது.

கடல்நீரில், அடர்த்தியை டிகிரியில் சொல்லும் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டால் மூன்று, மூன்றரை காட்டும். பாத்தி பாத்தியாக அது நகர, வெயிலும் காற்றும் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க டிகிரி ஏறும். 25ஐத் தொடுவதற்குள் ஜிப்சம் தரையில் படிந்துவிடும். 25இல் உப்பு விழத் தொடங்கும். 29ஐத் தாண்டவிட்டால் மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். அதற்குள் எஞ்சிய நீரைத் திறந்துவிட வேண்டும். பருவம் தொடங்குமுன் ஆட்கள் காலால் மிதித்து மிதித்து இறுக்கிய களித்தரை அது. அதன்மேல் குனிந்து ஒரு கல்லை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தால், ஆறு பக்கமும் சதுரமாக ஒரு கட்டி. சில கற்களில் பக்கத்தின் நடுவே குழி விழுந்திருக்கும். அந்தக் குழிக்குள்ளும் சதுரச் சதுரமான படிகள் இறங்கும். ஓரம் வேகமாக வளர்ந்து நடு பின்தங்கினால் இப்படி ஆகும்.

இப்போது ஒரு மில்லிமீட்டர் நீளம், ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள சதுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சின்ன உப்புக் கல் ஒன்று உட்காரும் இடம். 293318625600 சதுரங்களை இடைவெளி விடாமல் பரப்பினால் எவ்வளவு நிலம் பிடிக்கும்? 29 ஹெக்டேருக்குச் சற்று அதிகம். ஏக்கரில் சொன்னால் எழுபத்திரண்டரை. வரப்பில் நின்றபடி ஒரே பார்வையில் அளக்கக்கூடிய நிலம். ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு மில்லிமீட்டர் உயரக் கல் ஒன்றை வைத்தால் 635 டன் உப்பு. எண்ணிப் பார்க்க ஆயுள் போதாத எண்ணுக்கு ஒரு நிலமும் எடையும் கிடைத்துவிட்டன.

ஆனால் பருமனில் இந்த எண்ணுக்குப் பெருமை ஒன்றுமில்லை. நம் கையிலிருக்கும் அந்த ஒரு மில்லிமீட்டர்க் கல்லுக்குள்ளேயே சோடியமும் குளோரினும் சேர்ந்த இணைகள் இதைப்போல ஏழரைக் கோடி மடங்குக்கு மேல் இருக்கின்றன. பெரிய எண் வேண்டுமானால் ஒன்றுக்குப் பின்னால் சுழியங்களைப் போட்டுக்கொண்டே போகலாம். அதில் சாதனை இல்லை. 293318625600 வேறு ஒரு விதத்தில் உயர்ந்தது. பிரித்துக் கொடுக்க அது தயங்குவதே இல்லை.

அந்த எழுபத்திரண்டரை ஏக்கரை, மில்லிமீட்டர் சிந்தாமல், நீள்சதுரமாக வரைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நீளமும் அகலமும் முழு மில்லிமீட்டர்களில் அமைய வேண்டும். எத்தனை விதமாக வரையலாம்? 2520 விதமாக. ஒரு கோடியில், ஒரு மில்லிமீட்டர் அகலமும் 2,93,318 கிலோமீட்டருக்கு மேல் நீளமும் கொண்ட இழை. நிலாவுக்குப் போகும் வழியில் முக்கால் தூரத்தை அது கடந்துவிடும். இடையில், 46.189 மீட்டர் அகலமும் 6 கிலோமீட்டர் 350 மீட்டர் 40 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பட்டை, சாலையோரமாக விரிக்கலாம். மறுகோடியின் பக்கம், 526.68 மீட்டருக்கு 556.92 மீட்டர் என்று ஏறக்குறையச் சதுரமாக ஒன்று. உப்பளத்துக்காரர் ஒருவர் தயங்காமல் வரப்புப் போடக்கூடிய வடிவம் இது.

இந்தக் கடைசி வடிவத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 526.68 மீட்டர் என்பது 2520 மில்லிமீட்டரை 209 தடவை அடுக்கியது. 556.92 மீட்டர் அதையே 221 தடவை அடுக்கியது. ஆகவே இரண்டரை மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் கூடுதலான பக்கமுள்ள சதுரப் பாத்திகளாக நிலம் முழுவதையும் வெட்டிவிடலாம். 209 வரிசை, வரிசைக்கு 221, மொத்தம் 46,189 பாத்திகள், ஒரு துண்டும் மிஞ்சாது. 2520 என்பதும் ஏனோதானோ எண் அன்று. ஒன்று முதல் பத்து வரை எல்லா எண்களாலும் வகுபடும் எண்களில் மிகச் சிறியது அது. 46,189ஐ உடைத்தால் 11, 13, 17, 19 என்ற நான்கு பகாஎண்கள். அதாவது 2520ஐ 2520ஆல் பெருக்கி, பத்தைத் தாண்டி இருபதுக்குள் வரும் பகாஎண்கள் நான்கையும் ஒவ்வொரு தடவை சேர்த்தால் நம் எண் வந்துவிடுகிறது. 1 முதல் 22 வரை எந்த எண்ணால் வகுத்தாலும் மீதி இல்லை. 23இல்தான் முதல் தடவையாகத் தடுக்குகிறது: இருபத்து மூன்று பேருக்குப் பிரித்தால் 17 மிஞ்சும்.

ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுக்கும் எண்களை அதன் காரணிகள் என்கிறோம். தனக்கு முன்னால் உள்ள எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் கொண்ட எண்களை ராமானுஜன் தனியே எடுத்து வைத்தார். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று அவை தொடங்குகின்றன. மிகுபகு எண்கள் என்று இவற்றைச் சொல்லலாம். 12க்கு ஆறு காரணிகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. 60க்குப் பன்னிரண்டு, அதற்குக் கீழே எதற்கும் பன்னிரண்டு கிடையாது. ஒவ்வொன்றும் தன் காலத்துச் சாதனையாளர். நம் எண்ணுக்கு 5040 காரணிகள்.

ராமானுஜன் காலத்தில் மரக்காணம் தென்னார்க்காடு மாவட்டத்தில், திண்டிவனம் தாலுகாவில் இருந்தது. அதே மாவட்டத்தின் திருக்கோவிலூருக்குத்தான் 1910இல் ராமானுஜன் தம் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வேலை தேடி வந்தார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமஸ்வாமி ஐயர், 1907இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர். தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை போதும் என்று வந்த இளைஞரின் நோட்டைப் பார்த்தவர், இந்த ஆளை அந்த வேலைக்குள் போட்டு மூட மனமில்லாமல், சென்னைக்கு அறிமுகக் கடிதங்கள் கொடுத்து அனுப்பினார். 1912இல் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவு, 1913இல் கேம்பிரிட்ஜ் கணிதவியலர் ஹார்டிக்குக் கடிதம், 1914 மார்ச்சில் கப்பல். எல்லாம் பலமுறை சொல்லப்பட்ட கதை. ஆனால் போன இடத்தில் அவர் முதலில் செய்த பெரிய வேலை இந்த மிகுபகு எண்களைப் பற்றியது என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் 1915இல் அறுபது பக்கத்துக்கு மேல் வந்த கட்டுரை அது. 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் தந்ததும் அதை வைத்துத்தான். ஹார்டிக்கு இந்தப் பொருள் கணிதத்தின் பெருவழியை விட்டு ஒதுங்கியதாகவே பட்டது. ஒதுக்குப்புறத்தில் நடந்த வேலைதான் எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது.

அதில் ராமானுஜன் நிறுவிய முதல் உண்மை எளிமையானது. மிகுபகு எண்ணைப் பகாஎண்களாக உடைத்தால் 2 அதிக தடவை வரும், 3 அதற்கு மேற்படாது, 5 அதற்கும் மேற்படாது, இப்படி இறங்கிக்கொண்டே போகும். நடுவில் எங்கும் ஏறாது. நம் எண்ணில் 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5 இரண்டு, 7 இரண்டு, 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை. 6, 4, 2, 2, 1, 1, 1, 1. தலையில் சுமந்து வந்த கூடைகளைக் கொட்டிக் கொட்டி எழுப்பும் உப்புக் குவியலின் சரிவு இது: அடி அகன்று, மேலே போகப் போக ஒடுங்கும், வேறு மாதிரி நிற்கச் சொன்னாலும் நிற்காது. காரணமும் சுலபம். 3 ஆறு தடவையும் 2 நான்கு தடவையும் வந்தால், இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். காரணிகளின் எண்ணிக்கை அப்படியே இருக்கும், எண் மட்டும் சிறுத்துவிடும். தன்னைவிடச் சிறிய ஒன்று தன் அளவுக்குக் காரணிகளோடு நிற்கும்போது முதல் எண் எப்படிச் சாதனையாளர் ஆகும்? கடைசியில் வரும் பகாஎண் ஒரே ஒரு தடவைதான் வரும் என்பதையும் அவர் நிறுவினார். 4, 36 இரண்டு மட்டுமே விலக்கு.

காரணிகளை எண்ணுவதற்கும் இதே அடுக்குப் போதும். ஒரு காரணியை உண்டாக்க 2ஐ எடுக்காமலும் விடலாம், ஆறு தடவை வரை எடுக்கவும் செய்யலாம், ஏழு வழி. 3க்கு ஐந்து வழி, 5க்கும் 7க்கும் மும்மூன்று, மிச்சம் நான்குக்கும் இவ்விரண்டு. பெருக்கினால் 5040. நீள்சதுரங்கள் அதில் பாதியானது, காரணிகள் இணை இணையாக நீளமும் அகலமுமாய்ச் சேர்வதால்தான்.

அந்தக் கட்டுரையோடு ராமானுஜன் மிகுபகு எண்களின் பட்டியல் ஒன்றையும் கொடுத்தார். நூற்றுக்குச் சற்று மேற்பட்ட எண்கள். கடைசி எண் 6746328388800. ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரம் கோடிக்கு மேல். கணிப்பொறி இல்லாத காலம், வெளியே முதல் உலகப் போர், கையில் காகிதமும் பேனாவும். அவ்வளவு தூரத்தில் விடுபட்டது இந்த ஒன்றுதான்.

ஏன் இது? நான் ஊகிப்பதைச் சொல்கிறேன். இது இருக்கவேண்டிய இடத்துக்கு முன்னால் நிற்பது 240940299600. பின்னால் நிற்பது 321253732800. இரண்டிலும் 23 காரணியாக உண்டு; நம் எண்ணில் இல்லை. சுற்று வட்டாரத்தையே பார்த்தால் தெரியும்: 160626866400, அதைப்போல ஒன்றரை மடங்கு 240940299600, அதைப்போல ஒன்றேமூன்றில் ஒரு மடங்கு 321253732800, மறுபடி ஒன்றரை மடங்கு 481880599200, மறுபடி ஒன்றேமூன்றில் ஒரு மடங்கு 642507465600, மறுபடி ஒன்றரை. 3/2, 4/3, 3/2, 4/3, 3/2. கர்நாடக இசை அறிந்தவர்களுக்கு இந்தப் பின்னங்கள் தெரியும்: சட்ஜத்திலிருந்து பஞ்சமம், பஞ்சமத்திலிருந்து மேல் சட்ஜம். இவ்வளவு சீரான நடையில் போகிறவருக்கு, நடுவில் ஒன்று நிற்கிறது என்ற சந்தேகம் வருவது கடினம். முன்னதிலிருந்து நம் எண்ணுக்கு வர வேண்டுமானால் 23ஐக் கழற்றிவிட்டு இரண்டு 2, ஒரு 7 சேர்க்க வேண்டும். நம் எண்ணிலிருந்து அடுத்ததற்குப் போக ஒரு 3ஐயும் ஒரு 7ஐயும் விட்டுவிட்டு 23ஐ மறுபடி அழைக்க வேண்டும். 23 ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்ட தெருவில், 23 இல்லாமல் இன்னும் குடியிருக்கும் கடைசி வீடு இது. இதற்குப் பிறகு 23 இல்லாத மிகுபகு எண் கிடையாது.

அந்த 23ஐக் கொண்டு நம் எண்ணைப் பெருக்கிப் பாருங்கள். 6746328388800 வருகிறது. பட்டியலின் கடைசி வரியில் ராமானுஜன் எழுதி நிறுத்திய அதே எண். எழுதாமல் விட்டது, எழுதியவற்றுள் ஆகப் பெரியதன் உள்ளே முழுசாக இருந்திருக்கிறது. இதை முதன்முதலாகப் பெருக்கிப் பார்த்தபோது நெடுநேரம் வேறு வேலை ஓடவில்லை. அதையும் 23க்கு அடுத்த பகாஎண்ணான 29ஆல் பெருக்கினால் 195643523275200. அதுவும் ஒரு மிகுபகு எண்.

காரணி மிகுந்த எண்களின் அருமை கணிதவியலர்களுக்கு முன்பே களத்துமேட்டுக்குத் தெரிந்திருந்தது. காரி நாயனாரின் கணக்கதிகாரம் தரும் வாய்ப்பாட்டில் 360 நெல் ஒரு செவிடு. ஐந்து செவிடு ஒரு ஆழாக்கு. பிறகு உழக்கு, உரி, நாழி என்று இரட்டித்துப் போய், எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். ஒரு நாழிக்கு 14,400 நெல். ஒரு கலத்துக்கு 13,82,400. உடைத்துப் பார்த்தால் 2, 3, 5 தவிர வேறு பகாஎண் இல்லை. அரை, கால், மூன்றிலொன்று, ஐந்திலொன்று என்று அளந்து கொடுப்பவரின் கை தடுமாறாத எண்ணாகப் பார்த்துத்தான் இதை அமைத்திருக்கிறார்கள். ஏழு பேருக்குப் பிரிக்க நேர்ந்தால் மட்டும் தகராறு. நம் எண்ணை நெல்லாக எண்ணி நாழியில் அளந்தால் 2,03,69,349 நாழி. ஒரு நெல்லும் கூடவில்லை, குறையவில்லை. கலமாக்கினால் 2,12,180 கலமும் எட்டுக் குறுணி ஐந்து நாழியும். நாழிவரை கச்சிதமாக வந்தது கலத்தில் பிசகுவது, கலத்தில் 2 பதினோரு தடவை இருப்பதால். நம் எண்ணின் அடுக்கில் 2க்கு ஆறுக்கு மேல் இடமில்லை. 7, 11, 13 என்று மற்றவர்களுக்கும் இடம் விட்டாக வேண்டும்.

இன்னொரு பக்கமும் இதற்கு உண்டு. நான் அதிகம் திரும்பிப் போவது அங்கேதான். நம் எண்ணின் காரணிகள் 5040. 5040இன் காரணிகள் எத்தனை? 60. 60இன் காரணிகள் 12. பன்னிரண்டுக்கு 6. ஆறுக்கு 4. நாலுக்கு 3. மூன்றுக்கு 2. வருஷங்களின் சுற்று அறுபது, நாளின் நாழிகை அறுபது, மாதம் பன்னிரண்டு, பெரும்பொழுது ஆறு: பெரிய எண் படியிறங்கி வந்து நம் பஞ்சாங்கத்துக்குள் நுழைகிறது. கீழிருந்து மேலே ஏறினால் இன்னும் அழகு. மூன்று காரணிகள் உள்ள எண்களில் மிகச் சிறியது 4. நான்கு காரணிகள் உள்ளவற்றில் மிகச் சிறியது 6. ஆறுக்கு 12, பன்னிரண்டுக்கு 60, அறுபதுக்கு 5040, ஐயாயிரத்து நாற்பதுக்கு 293318625600. மூன்றில் தொடங்கினால் இது ஏழாவது படி. இடையில் யாரும் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை; ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு எண்தான் பொருந்தும். நாம் பிறக்காவிட்டாலும், கேம்பிரிட்ஜில் அந்தக் கட்டுரை எழுதப்படாவிட்டாலும், ஏழாவது படி இதே எண்தான். எட்டாவது படிக்குப் போனால் எழுபத்தைந்து இலக்கம் கொண்ட எண் வருகிறது, கடைசியில் பன்னிரண்டு சுழியங்களோடு. அதை வைத்து எந்த நிலத்தையும் அளக்க முடியாது. மனிதர் நடந்து பார்க்கும் அளவிலான கடைசிப் படி நம்முடையது.

ஒன்றைக் கூட்டினாலோ குறைத்தாலோ எல்லாம் போய்விடும். 293318625601ஐ 2 முதல் 22 வரை எந்த எண்ணும் வகுக்காது. ஒவ்வொன்றும் ஒன்று மீதி வைக்கும். 293318625599ஐயும் இவற்றில் எதுவும் வகுக்காது. எழுபத்திரண்டரை ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர்ச் சதுரம் கூடிய நிலத்தை இரண்டு பேர்கூடச் சமமாகப் பிரித்துக்கொள்ள முடியாது, மூன்று பேர் முடியாது, இருபத்திரண்டு வரை எவராலும் முடியாது. ஒரு கல் உப்பு வித்தியாசம்.

5040 என்ற எண்ணுக்கு வெளியுலகில் நீண்ட வரலாறு உண்டு. பிளேட்டோ தம் சட்டங்கள் நூலில் கற்பனை செய்த நகரத்துக்கு 5040 குடும்பங்கள் வைத்தார். ஒன்று முதல் பத்து வரை எல்லா எண்களாலும் பிரியும். நிலம் பிரிக்க, வரி போட, படை திரட்ட எளிது என்பது அவர் கணக்கு. பதினொன்றால் பிரியாதே என்றால், இரண்டு குடும்பத்தை எடுத்துவிட்டால் அதுவும் பிரியும் என்று சேர்த்துச் சொன்னார். 5038ஐப் பதினொன்றால் வகுத்தால் 458, சரிதான்.

அதே 5040 ராமானுஜனின் கட்டுரை வழியாகவும் திரும்பி வருகிறது. அந்தக் கட்டுரை 1915இல் முழுசாக அச்சாகவில்லை. போர்க்காலத்தில் லண்டன் கணிதக் கழகம் பணமுடையில் இருந்ததால் ஒரு பகுதி வெளியே வராமல் தங்கிவிட்டது. காரணிகளின் எண்ணிக்கையிலிருந்து நகர்ந்து காரணிகளின் கூட்டுத்தொகை எவ்வளவு உயரலாம் என்று, பகாஎண்களின் பரவலைப் பற்றிய ரீமன் கருதுகோள் சரியென்று எடுத்துக்கொண்டு, அவர் போட்ட கணக்குகள் அதில் இருந்தன. ழான் லூயி நிக்கோலாவும் கீ ரோபனும் குறிப்புகளோடு அதை அச்சுக்குக் கொண்டுவந்தது 1997இல். அந்த ரோபன், 1984இலேயே, ரீமன் கருதுகோளை ஒரு பள்ளிக்கூடக் கேள்வியின் அருகே கொண்டுவந்து வைத்திருந்தார். எண்ணின் காரணிகளைக் கூட்டுங்கள். எண்ணை வைத்து அவர் சொல்லும் வரம்பு ஒன்றைக் கணக்கிடுங்கள். கூட்டுத்தொகை வரம்புக்குள் நிற்கிறதா? 5040க்கு மேற்பட்ட எல்லா எண்களுக்கும் நின்றால் ரீமன் கருதுகோள் உண்மை. ஒன்றே ஒன்று மீறினாலும் பொய். 5040இன் காரணிகளைக் கூட்டினால் 19,344. வரம்பு சுமார் 19,237. மீறுகிறது. மீறியதாகத் தெரிந்த எண்களில் அதுவே கடைசி.

293318625600இன் காரணிகளை நான் கூட்டிப் பார்த்திருக்கிறேன். எண்ணைப்போல 5.6 மடங்கு வருகிறது, வரம்பு 5.83. அடங்கித்தான் நிற்கிறது. 5040க்கு அப்பால் மீறும் எண் ஒன்று இருந்தால், அவற்றில் மிகச் சிறியது எப்படிப்பட்டதாக இருக்கும் என்று 2009இல் அக்பரியும் ஃப்ரிக்ஸ்டாடும் காட்டினார்கள்: காரணிகளின் கூட்டுத்தொகைக்கும் எண்ணுக்கும் உள்ள விகிதத்தில் தனக்கு முன்னுள்ள எல்லாவற்றையும் வென்ற எண்ணாகத்தான் அது இருக்க முடியும். அப்படிப்பட்ட எண்களின் அடுக்கும் ராமானுஜனின் எண்களைப்போலவே 2இல் உயர்ந்து, 3இல் தாழ்ந்து, இறங்கிக்கொண்டே போகும். ஆகவே தேடுகிறவர்கள் எல்லா எண்களையும் புரட்ட வேண்டியதில்லை. இந்த ஒரு வகையை மட்டும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் போதும். கணிப்பொறிகள் பார்த்த வரையில், மீறிய எண் ஒன்றும் இன்னும் அகப்படவில்லை.